கொட்டாம்பாறையின் நீல வானம்

தைலம்மாள் ஸ்டுடியோவுக்குள் வந்தபோது, இசைவாணி சின்னசேலத்துக் கல்யாண ஆல்பம் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. படம் எடுப்பது முதலாளி இளவரசன். எடுத்து வந்ததைக் கணினியில் அழகாக்குவது இசைவாணி. ஐந்து வருடமாக அதே நாற்காலி.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கழற்றிய ஸ்வெட்டரை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"இங்க போட்டோவுல வேல செய்யறது யாருங்க?"

"நான்தான்க்கா. இன்னா வேணும்?"

தைலம்மாள் தன் போனை நீட்டினாள். திரையில், ஸ்டுடியோவின் இன்ஸ்டா பக்கத்தில் போட்டிருந்த படம். கல்வராயன் மலையில், கொட்டாம்பாறைக் குட்டையின் அக்கரையில், ஒரு ஜோடி கைகோத்து நிற்கிறது. கல்யாணத்துக்கு முன் எடுத்த அவுட்டோர் படம். பின்னால் சரிவு, சரிவுக்கு மேல் பளிச்சென்று நீல வானம், இரண்டு வெள்ளை மேகம்.

"இந்தப் பொண்ணு மாப்ளய எங்க வூட்டுக்காரரு ஜீப்புலதான் ஏத்திக்கினு போனாரு. அவரு பேரு சின்னதுரை. படம் எடுக்கச்சொல்ல வெளிச்சம் காட்டறதுக்கு வெள்ளித்தட்டு புடிச்சிக்கினு நின்னதும் அவருதான். அப்ப அந்தச் சரிவுக்குப் பின்னால பொக எழும்பிக்கினு இருந்திச்சாம். இதுல அந்தப் பொக எங்கம்மா போச்சு?"

இசைவாணிக்கு முதலில் புரியவில்லை. "பொகையா?"

"பொகதான். கண்ணாயிரத்துக் கொட்டா எரிஞ்ச பொக."

பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். படம் எடுத்த அன்றைக்கே, சரிவுக்கு அந்தப் பக்கம் கண்ணாயிரத்தின் மாட்டுக்கொட்டகை எரிந்துபோனது. அறுத்துப் போட்டிருந்த சாமைப் போரும் போய்விட்டது. கறவை மாடு ஒன்று கட்டுத்தறியிலேயே செத்தது. அதற்கு முந்தின வாரம்தான் சின்னதுரைக்கும் கண்ணாயிரத்துக்கும் ஜீப் போகும் வழி விஷயமாகப் பெரிய சண்டை. தீயைப் பார்த்து ஊர் ஓடியபோது, அங்கே சின்னதுரை மட்டும் நின்றுகொண்டிருந்தான். கையில் தீக்காயம். கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"படம் எடுக்கறப்பவே பொக வந்திச்சு, போட்டோக்காரர்கிட்டயும் சொன்னேன், எடுத்து முடிச்சதும் ஓடிப் பாத்தேன்னு இவரு சொல்றாரு. கண்ணாயிரம் உங்க படத்தக் காட்டறாரு. 'பாருங்கய்யா, வானம் சுத்தமா கீது. படம் எடுத்து முடிச்சிட்டு வந்துதான் இவன் கொளுத்தியிருக்கான்'னு. ஊர்ல இப்ப எங்க ஜீப்புல ஒருத்தரும் ஏறறதில்ல. ஞாயித்துக்கெழம கூட்டம். அன்னிக்கி இவரு பதில் சொல்லலன்னா திங்கக்கெழம போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவாங்களாம்."

இசைவாணி அந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரிந்த வானம். அவளுடைய கணினியில் 'வானம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு வானங்கள். கொட்டாம்பாறைக்கு மேல் அவள் வைத்தது நாற்பத்தேழாவது, இளவரசன் இரண்டு வருடத்துக்கு முன் கொடைக்கானலில் எடுத்து வந்தது.

"அக்கா, அது மலையோட வானம் இல்ல. நான் மாத்தினது. மார்கழி மாசத்துல வானம் வெளுத்துப்போயி கெடக்கும். பாக்க நல்லா இருக்காதுன்னு எல்லாப் படத்துலயும் மாத்திடுவோம்."

தைலம்மாள் கோபப்படுவாள் என்று நினைத்தாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு ஆறுதல்தான் வந்தது.

"அப்ப பழைய படத்த எடும்மா. அதக் காட்டுனா போதும்."

*

பழைய படம் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு முன் ஹார்டுடிஸ்க் நிரம்பிவிட்டது. படம் கொடுத்து முடித்த வேலைகளின் மூலப் படங்களையெல்லாம் அழித்துவிடச் சொன்னான் இளவரசன். அழித்தது இசைவாணியேதான். கேமராவின் கார்டுகளில் அதற்குப் பிறகு ஏழெட்டு கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, மத்தியானம் முழுக்க ஓடவிட்டாள். அது யார் யாருடைய காதுகுத்தையோ, பாதி பாதி முகங்களையோ கொண்டுவந்து போட்டது. கொட்டாம்பாறை வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். அன்று அந்தப் படங்களில் வேலை செய்தது நினைவிருக்கிறது. நாற்பது படம், இரண்டு மணி நேரம். வானத்தை மாற்ற ஒரு சொடுக்குதான். அழுக்காக ஏதோ இருந்ததா? இருந்திருக்கலாம். கண்ணில் படவே இல்லை என்பதுதான் அவளை உறுத்தியது. ஒரு மாடு எரிந்த புகையை, வெளுத்த வானத்தோடு சேர்த்துத் துடைத்துப் போட்டிருக்கிறாள்.

சாயங்காலம் இளவரசன் வந்ததும் கேட்டாள்.

"அண்ணா, கொட்டாம்பாறையில எடுத்தப்ப பொக வந்திச்சா?"

"மலையில தெனமும் எவனாவது எதையாவது கொளுத்திக்கினுதான் இருப்பான். யாரு பாத்தா?"

"அந்த டிரைவரு உங்ககிட்ட சொன்னாராமே."

இளவரசன் லென்ஸைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்தான். "ஞாபகம் இல்ல."

"பொண்ணு மாப்ளயக் கேக்கலாமா?"

"அவங்க கேமராவப் பாத்துக்கினு நின்னாங்க. மல அவங்க முதுகுக்குப் பின்னால. அதுவும் கல்யாணம் ஆன ஊட்ல போயி போலீசு, பஞ்சாயத்துன்னு பேசுவியா? வுடு இசை. இது நம்ம வேல இல்ல."

"நான் வானத்த மாத்துனேண்ணா. அதக் காட்டித்தான் அவர மாட்டறாங்க."

"நீயா மாட்டுன? கஸ்டமர் கேட்டாங்க, செஞ்சோம்."

அவள் மறுபடி கணினிக்குத் திரும்பினாள். சின்னசேலத்து ஆல்பத்தில் அடுத்த படம் காத்திருந்தது. கோயில் கோபுரம், அதன் மேல் சாம்பல் வானம். கை தானாகவே அந்த ஃபோல்டருக்குப் போனது. பாதியில் நிறுத்தி, சாம்பல் வானத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் வானம். ஆனாலும் அதை மாற்ற முடியவில்லை. அடுத்த படம். அதையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அன்று அவள் ஒரு படம்கூட முடிக்கவில்லை.

தன் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டில் அம்மா இரண்டு தரம் கேட்டாள், "இன்னாடி, ஒடம்பு சரியில்லயா?" இல்லை என்றாள். சனிக்கிழமை முழுவதும் அப்படியே போயிற்று. ஞாயிறு காலை, ஸ்டுடியோவில் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சி வந்து வெள்ளிமலை பஸ் ஏறினாள். லேப்டாப் பையை மடியில் வைத்திருந்தாள். அதில் காட்ட ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு போகக் கூசியது, அதனால் எடுத்து வந்திருந்தாள்.

*

போனில் சொல்லியிருந்தபடி, வெள்ளிமலையில் தைலம்மாளும் சின்னதுரையும் காத்திருந்தார்கள். சின்னதுரையின் வலது கையில் கட்டு. ஒல்லியான ஆள். ஜீப்பில் மூன்று பேர் மட்டும் போனார்கள். வழியில் மூட்டையோடு நின்ற ஒரு பெண் ஜீப்பைப் பார்த்ததும் கையை நீட்டினாள். யாருடைய ஜீப் என்று தெரிந்ததும் கையை மடக்கிக்கொண்டாள்.

"முன்னெல்லாம் எடம் இல்லன்னு தொங்கிக்கினு வருவாங்க" என்றான் சின்னதுரை.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த களத்தில். நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் ஊர்ப் பெரியவர் பாவாடை, பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே கண்ணாயிரம். ஐம்பது வயது, சவரம் செய்யாத முகம். கொட்டகை எரிந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அவர் மனைவி காசியம்மாள் பெண்களோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், முந்தானையை வாயில் வைத்தபடி.

இசைவாணி எழுந்து நின்று சொன்னாள்.

"இந்தப் படத்துல வேல செஞ்சது நான்தாங்க. இதுல இருக்கற வானம் உங்க ஊரு வானம் இல்ல. வேற ஊர்ல எடுத்தது. அழகா இருக்கட்டும்னு நான் மாத்தி வச்சேன். இந்தப் படத்தப் பாத்து அன்னிக்கிப் பொக இல்லன்னு சொல்லக்கூடாதுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. பாவாடை கையை உயர்த்தினார்.

"அப்ப மாத்தாத படம் எங்கம்மா?"

"அழிச்சாச்சுங்க."

"யாரு?"

"நான்தான்."

யாரோ சிரித்தார்கள். கண்ணாயிரம் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்தார்.

"ஒனக்கு என்மேல இன்னா கோவம்மா? தைலம்மா போயி அழுதிருப்பா, நீ எரக்கப்பட்டு வந்துட்ட. நாளைக்கே அந்தப் படத்துல பொகைய வச்சிக் கொண்டாந்தாலும் நாங்க நம்பணுமா? வானத்தையே மாத்தறவளுக்குப் பொக வைக்கறது பெரிய வேலையா?"

அவர் சொன்னது சரி. அரை நிமிடத்தில் வைக்கலாம்.

"எம்மாடு கட்டுன எடத்துலயே வெந்து செத்திச்சு" என்றார் கண்ணாயிரம். "நான் சந்தையிலேந்து நாலு மணிக்கி வரேன், கொட்டா முழுக்க நெருப்பு. இவன் நிக்கறான். நீயே பாரும்மா. ஒன் படத்த நீயே பாரு."

எதிரே நின்றபடி தன் போனை அவளிடம் நீட்டினார். அவர் பார்ப்பதற்கு நேராக, அவளுக்குத் தலைகீழாக.

இசைவாணி கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

தலைகீழான படத்தில், குட்டைத் தண்ணீர் மேலே இருந்தது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். அது நீலமாக இல்லை. வெளுத்த சாம்பல். அந்தச் சாம்பலில், சரிவின் நிழலுக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒரு கோடு கிளம்பி, போகப் போக அகன்று கலைந்திருந்தது.

அவள் மாற்றியது வானத்தை மட்டும்தான். தண்ணீரில் விழுந்திருந்த வானத்தை மாற்ற மறந்திருந்தாள். நல்ல எடிட்டர் யாரும் செய்யக்கூடாத தப்பு. இளவரசன் பார்த்திருந்தால் திட்டியிருப்பான்.

"ஐயா" என்றாள். "இந்தப் படம் உங்க போன்ல எப்பலேந்து இருக்கு?"

"அது கெடக்கு ரெண்டு வாரமா."

"நான் இப்ப எதும் தொடல. பாத்துக்குங்க. போனு உங்க கையிலயே இருக்கட்டும். மேல வானத்தப் பாக்காதீங்க. கீழ தண்ணியப் பாருங்க. பெருசு பண்ணிப் பாருங்க."

கண்ணாயிரம் குனிந்து பார்த்தார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். நகர்த்தினார். வெகுநேரம் பார்த்தார். பாவாடை நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பிறகு போன் கை மாறியது. களம் முழுக்கப் போய் வந்தது. ஒவ்வொருவரும் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள்.

"பொகதான்" என்றார் பாவாடை. "கறும்பொக. அப்பவே கொட்டா புடிச்சிடிச்சி." கொஞ்சம் யோசித்தார். "சரி, இந்தப் படம் எடுக்கறப்ப சின்னதுரை அங்கதான் இருந்தான்னு யாரு சொல்றது? படத்துல அவன் இல்லியே."

"எங்க முதலாளி சொல்லுவாருங்க" என்று இசைவாணி சட்டென்று சொன்னாள். சொல்லிய பிறகுதான் பயம் வந்தது.

பள்ளிக்கூடச் சுவரோரம் போய் நின்றால்தான் டவர் கிடைக்கும். அங்கே போய் இளவரசனை அழைத்தாள். பாவாடையும் கண்ணாயிரமும் கூட வந்தார்கள். மூன்றாவது முறை எடுத்தான்.

"அண்ணா, நான் கொட்டாம்பாறையில இருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஊர்ப் பெரியவங்க கேக்கறாங்க. குட்டையாண்ட படம் எடுக்கறப்ப டிரைவரு உங்கக்கூட இருந்தாரா?"

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இருந்தாருங்க" என்றான் இளவரசன். "ரெண்டு மணியிலேந்து மூணரை வரைக்கும் என் பக்கத்துலயே நின்னாரு. ரிஃப்ளெக்டர் புடிச்சிக்கினு."

"பொகையப் பத்திச் சொன்னாரா?" என்று கேட்டாள் இசைவாணி.

"சொன்னாரு. 'சார், அங்க ஏதோ எரியுது, நான் போயி பாத்துட்டு வரேன்'னாரு. நான்தான் வுடல. வெளிச்சம் போயிடும், தட்டக் கீழ எறக்காதன்னு சொன்னேன். அரை மணி நேரம்... அதுக்கும் மேலயே புடிச்சிக்கினு நின்னாரு." அவன் குரல் இறங்கியது. "அப்பவே வுட்டிருந்தா மாடு பொழச்சிருக்குமோ இன்னாவோ. மன்னிச்சிக்குங்க."

கண்ணாயிரம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

திரும்பிக் களத்துக்கு வந்ததும், பாவாடை எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னார். சின்னதுரை மேல் தப்பில்லை என்றார். தைலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு கிழவர் சின்னதுரையின் கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப யாருதான் வச்சது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்போதுதான் காசியம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான் மத்தியானம் வேலி முள்ளப் பொறுக்கிப் போட்டுக் கொளுத்தினேன்" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "அணைச்சிட்டுத்தான் தண்ணிக்கிப் போனேன். மண்ணள்ளிப் போட்டேன். நல்லா அணைஞ்சிச்சின்னுதான் நெனச்சேன். திரும்பி வந்தா இவரு கத்திக்கினு நிக்கறாரு, சின்னதுரை கொளுத்திட்டான்னு. நானும்... ஒருவேள அவன்தானோன்னு நெனச்சிட்டேன். அப்படியே நெனச்சிக்கினேன்."

கண்ணாயிரம் மனைவியைப் பார்த்தார். கோபம் வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டார். யாரையும் பார்க்காமல் களத்தை விட்டு இறங்கி, கொட்டகை இருந்த பக்கமாக நடந்தார். காசியம்மாள் கொஞ்ச தூரம் பின்னால் போய், கிட்டே போகப் பயந்து, வழியிலேயே நின்றுவிட்டாள்.

*

வெள்ளிமலைக்குத் திரும்பும்போது ஜீப்பில் எட்டுப் பேர் ஏறினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாங்க அப்பவே நெனச்சோம் என்றார்கள். சின்னதுரை இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வந்தான். பஸ் நிற்கும் இடத்தில் இசைவாணியோடு அவனும் இறங்கினான்.

"டீ குடிக்கிறியாம்மா?"

"வேணாண்ணா. பஸ் போயிடும்."

"ரொம்ப ஒதவி பண்ண. நீ வரலன்னா நான் இன்னா ஆயிருப்பேன்னு தெரியல." தன் கட்டைப் பார்த்துக்கொண்டான். "ஆனா அந்தம்மா நின்னத பாத்தியா? கண்ணாயிரத்துக்கூடத்தான் சண்ட, அவங்ககூட ஒண்ணுமே இல்ல. எங்க புள்ளைங்க பொறந்தப்ப அவங்கதான் கூட இருந்தாங்க. இப்ப ஊரு முழுக்க அவங்களப் பேசும்."

"தெரிஞ்சிருந்தா நான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? வராமல் இருந்திருப்பாளா?

"இல்லம்மா. நீ வந்தது சரிதான்" என்றான். "நான் இப்பத் திரும்பிப் போனதும் நேரா அவங்க வூட்டுக்குத்தான் போவப்போறேன். இன்னா பேசறதுன்னுதான் தெரியல. கண்ணுக்குட்டி எப்படி கீதுன்னு கேக்கறேன். அத வச்சி ஆரம்பிக்கலாம்."

பஸ் கிளம்பியது. பாதிக்கு மேல் காலி. இசைவாணி முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு வளைவு தாண்டியதும் பின்னால் போய் உட்கார்ந்தாள். போன் அடித்தது. இளவரசன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது எடுத்தாள்.

"இன்னா ஆச்சு?"

"அவரு மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்கண்ணா."

"அப்பாடா." பெருமூச்சு கேட்டது. "அப்புறம் ஏன் குரலு ஒருமாதிரி கீது?"

அவள் காசியம்மாளைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்தப் பெண் வழியில் நின்றது மறுபடி மறுபடி கண்ணுக்குள் வந்தது. இளவரசன் முழுவதையும் கேட்டான்.

"நான் அந்த டிரைவர அப்பவே போவ வுட்டிருந்தா, ஒண்ணுமே ஆயிருக்காதில்ல?" என்றான் கடைசியில்.

இல்லை என்று சொல்லலாம். ஆமாம் என்றும் சொல்லலாம்.

"நாளைக்கி வரேண்ணா" என்றாள். "பேசலாம்."

கச்சிராயபாளையத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. எல்லோரும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அவளும் இறங்கினாள். கடைக்காரரிடம் ஒரு பாட்டில் வாங்கி, திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கண்டக்டர் விசில் அடிக்கும் வரை நடந்துகொண்டே இருந்தாள்.